தண்ணீரில் தொடங்கிய பேச்சு



2013-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் மாலை. புதிய திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரான்சிஸ், புனித பேதுரு பேராலய மாடத்துக்கு வந்து நின்றார். வளாகம் நிறைய மக்கள். அவர் முதலில் சொன்னது ஒரு சாதாரண மாலை வணக்கம். பின்னாளில் ஞாயிறு நண்பகல் மூவேளைச் செப உரையை முடிக்கும்போதெல்லாம், மதியச் சாப்பாடு நன்றாக அமையட்டும் என்று வாழ்த்தி அனுப்புவதும் அவருக்கு வழக்கமாயிற்று. இந்த எளிய சொற்களைத்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

நம்மில் பலருக்கு முன்பின் தெரியாதவரிடம் நாலு வார்த்தை பேசுவது என்றாலே தயக்கம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர், மருத்துவமனையில் டோக்கனோடு காத்திருப்பவர். பார்த்தோம், கை தானாகச் செல்போனுக்குப் போய்விடுகிறது. "எனக்குப் பேச வராது" என்கிறோம். குருக்களாகிய எங்களுக்கும் இது உண்டு. ஆயிரம் பேருக்கு மறையுரை ஆற்றக் குருமடத்தில் பயிற்சி தந்தார்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதற்குப் பாடவேளை ஒன்றும் இருக்கவில்லை.

இந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம், சிறப்பாக ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று நாம் நினைப்பது. யோவான் நற்செய்தி நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். சிக்கார் ஊருக்கு அருகே யாக்கோபின் கிணறு. நண்பகல். பயணக் களைப்போடு இயேசு கிணற்றருகே அமர்ந்திருக்கிறார். சீடர்கள் உணவு வாங்க ஊருக்குள் போயிருக்கிறார்கள். தண்ணீர் மொள்ள ஒரு சமாரியப் பெண் வருகிறார். யூதரும் சமாரியரும் பழகாத காலம் அது. ஆண்டவர் எதில் தொடங்குகிறார்? குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவ்வளவுதான். தாகம் அவருக்கு, குடம் அந்தப் பெண்ணிடம். கேட்பவராகத் தம்மைத் தாழ்த்திக்கொண்டதால், கொடுக்கும் இடத்தில் அந்தப் பெண் நிற்க முடிந்தது. வாழ்வு தரும் தண்ணீரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. கணவரைப் பற்றிய பேச்சு அதற்கும் பிறகு.

நாமோ அந்தக் கடைசிக் கேள்வியில்தான் தொடங்குகிறோம். "வீட்டுக்காரர் வரலையா?" "பொண்ணுக்கு இன்னும் முடியலையா?" "கல்யாணமாகி மூணு வருஷமாச்சே, ஏதாவது விசேஷம் உண்டா?" "பையனுக்கு எவ்வளவு சம்பளம்?" அக்கறையோடுதான் கேட்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் குழந்தைக்காகக் கண்ணீரோடு செபிக்கும் தம்பதியர், இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே திருப்பலி முடியுமுன் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார்கள். கோயில் வாசலில் நாம் பேசிய பேச்சு ஒருவரைக் கோயிலிலிருந்தே விலக்கிவிட்டால், அது சின்ன விஷயமா?

அப்படியானால் எதைப் பேசுவது? கண்ணெதிரே இருப்பதைப் பேசலாம். மழை, பேருந்து தாமதம், கையிலிருக்கும் கட்டைப்பையில் எட்டிப் பார்க்கும் முருங்கைக்கீரை. "எந்த ஊர்ங்க?" என்று கேட்டால் பாதிப் பேருக்கு முகம் மலர்கிறது. நம்மை ஒருவர் கேட்டால் "ம்ம், நல்லாயிருக்கேன்" என்று கதவைச் சாத்தாமல் இன்னும் ஒரு வரி சேர்த்துச் சொல்லலாம். அடுத்து என்ன கேட்பது என்று அவர் தவிக்க வேண்டியிருக்காது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு ஆறுதல்: அதிகம் பேச வேண்டியதில்லை, கேட்டால் போதும். எம்மாவுக்கு நடந்த சீடர்களிடம், எல்லாம் அறிந்த ஆண்டவரே என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

ஒருமுறை வீடு சந்திப்புக்குப் போனபோது ஒரு வயதான தாய் எங்களிடம் சொன்னார்: "சாமி, பிள்ளைங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல. வாரம் முழுக்க என்கிட்ட பேசுறது பால்காரத் தம்பி மட்டுந்தான். 'சாப்டீங்களா பாட்டி'ன்னு கேட்டுட்டுப் போகும். கோயில்ல அத்தனை பேர் இருக்காங்க, யாரும் கேக்கிறதில்ல." இத்தனைக்கும் அன்பியக் கூட்டம் தவறாமல் நடக்கும் தெரு அது. செபமாலை முடிந்ததும் அவரவர் செருப்பைத் தேடிப் போய்விடுகிறார்கள் போலும்.

இடையில் பேச்சு நின்றுபோனால் என்ன செய்வது என்றும் சிலர் பயப்படுகிறார்கள். நிற்கட்டுமே. துக்க வீட்டில் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நாம் தப்பாக நினைப்பதில்லையே. கோயில் வாசலிலும் அப்படித்தான். எழுந்து போகும் நேரம் வந்தால் அதற்கும் நம் மொழியில் நல்ல சொல் இருக்கிறது. யாரும் "போகிறேன்" என்பதில்லை. "வர்றேம்மா, அடுத்த ஞாயிறு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கலாம்.