ரம்ப மேசையும் பத்து விரல்களும்
(ஏலூரில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, ரேஷன், வாடகை என்று எத்தனையோ பிரச்சினை இருக்க, இன்று ஒரு ரம்பத்தைப் பற்றிப் பேச நாம் கூடியிருக்கிறோம். காரணம் உங்களுக்குத் தெரியும். நம்மவர்களில் பாதிப் பேர் மரத்தோடு பிழைக்கிறவர்கள். பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனி, மட்டாஞ்சேரி மரப்பட்டறை, வரிசையாக எழும் அடுக்குமாடிகளின் சென்ட்ரிங் வேலை என்று எங்கே போனாலும் அங்கே ஒரு ரம்ப மேசை நிற்கிறது. இந்த ஏலூருக்கும் மரத்துக்கும் பழைய உறவு உண்டு. 1947-இல் ஃபாக்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது விறகிலிருந்து வாயு எடுத்துத்தான் உரம் செய்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது, மரம் அறுக்கிற கை மட்டும் போகவில்லை.

முதலில் ஒரு கணக்கு. பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அதன் பல் மணிக்கு ஏறக்குறைய 144 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நாங்கள் ரயில்வேக்காரர்கள், எங்களுக்கு வேகம் தெரியும். நம் எர்ணாகுளம் தடத்தில் எந்த எக்ஸ்பிரஸும் அந்த வேகத்தைத் தொட்டதில்லை. ஓடுகிற வண்டிக்கு முன்னால் கையை நீட்ட யாரும் துணியமாட்டார்கள். ரம்பத்துக்கு முன்னால் மட்டும் நாள் முழுதும் நீட்டுகிறோம்.

இதைவிடக் கொடுமையான ஒன்று இப்போது கட்டடங்களில் நடக்கிறது. மார்பிள் கட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு பலகைக்கு அடியில் திருகி, சுவிட்சைக் கம்பியால் கட்டிவிட்டு, அதுதான் ரம்ப மேசை என்கிறார்கள். அது நிமிடத்துக்கு 12,000 சுற்று வரை போகும் மிஷின். நான்கு அங்குலச் சொச்சம் உள்ள பிளேடானாலும் பல்லின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரை நெருங்கும். கல் அறுக்கச் செய்த மிஷினில் மரம் அறுக்கும் பல் பிளேடைப் பூட்டுகிறார்கள். அந்த பிளேடு எத்தனை சுற்றுக்குத் தாங்கும் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும், யாரும் படிப்பதில்லை. ஆபத்து வந்தால் நிறுத்துவதற்குக் கைக்கெட்டும் சுவிட்சும் கிடையாது. சுவரில் இருக்கும் பிளக்கைத் தேடி ஓட வேண்டும். இந்த மேசையில் வேலை செய்யமாட்டோம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஒருவர் சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. ஆறு பேர் சேர்ந்து சொன்னால் மேஸ்திரி யோசிப்பார்.

விரல் எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விரல் தானாக நழுவி பிளேடில் படுகிறது என்று பலரும் நினைக்கிறோம். பல நேரங்களில் நடப்பது வேறு. அறுபட்ட மரம் பிளேடுக்குப் பின்னால் மறுபடி நெருங்கி, பிளேடை இறுகக் கவ்வுகிறது. பின்பக்கத்துப் பல் கீழிருந்து மேலே ஏறி வருவது. அது மரத்தைத் தூக்கி, அறுக்கிறவர் மீதே எறிகிறது. மரம் வயிற்றிலோ மார்பிலோ அடிக்கிறது. மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த கை, மரம் இல்லாமல் நேரே பிளேடுக்குள் போகிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரம்தான். ரப்பர் மரம், ஈரம் காயாத மரம், முறுக்கிய பலகை இவற்றில் இது அதிகம்.

இதைத் தடுக்க ஒரு சாமான் உண்டு. பிளேடுக்கு நேர் பின்னால் நிற்கும் மெல்லிய இரும்புத் தகடு அது. அறுபட்ட இரண்டு பாதியும் நெருங்காதபடி அது பிளவைப் பிரித்து வைக்கும். பிளேடின் பல்லுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. தகடு பிளேடின் உடம்பைவிடக் கொஞ்சம் தடிப்பாக, வெட்டும் பிளவைவிடக் கொஞ்சம் மெலிவாக இருக்க வேண்டும். பிளேடுக்கு மேலே தொப்பி போல ஒரு மூடி, மேசைக்கு அடியில் இரண்டு பக்கமும் மறைப்பு. இவ்வளவுதான். பெரிய விஞ்ஞானம் இல்லை. ஆனால் எத்தனை பட்டறையில் இவை இருக்கின்றன? மிஷின் வாங்கும்போது இருக்கும். வந்த வாரமே கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள், வேலை மெதுவாகிறதாம்.

கேட்டால் என்ன சொல்கிறார்கள்? "அவன் கவனமாக இருந்திருக்க வேண்டும்." ரயில்வேயில் பாயிண்ட் சரியாகப் பூட்டாமல் சிக்னல் இறங்காது. கேபின்காரர் கவனமாக இருப்பார் என்று நம்பி யாரும் விட்டுவிடுவதில்லை. மனிதன் எட்டு மணி நேரத்தில் ஒரு நொடி அசருவான் என்று தெரிந்துதான் அந்தப் பூட்டு. பயணிக்குக் கொடுக்கிற பூட்டை மரம் அறுப்பவனுக்கு ஏன் கொடுக்கக்கூடாது?

அமெரிக்காவில் தோலைத் தொட்டவுடன் நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் பிளேடை நிறுத்தும் ரம்பத்தை 1999-இல் ஒருவர் கண்டுபிடித்தார். 2004 முதல் அது விற்பனைக்கும் வந்தது. அந்த நாட்டிலும் ரம்ப மேசையால் ஆண்டுக்குச் சுமார் 4,000 துண்டிப்புகள் நடப்பதாக அரசுக் கணக்கே சொல்லியிருக்கிறது. கொலம்பியாவிலிருந்து அங்கே பிழைக்கப் போய்த் தரை போடும் வேலை செய்த ஒரு தொழிலாளி, கை சிதைந்தபின் ரம்பம் செய்த கம்பெனி மீதே வழக்குப் போட்டார். 2010-இல் நடுவர் குழு அவருக்குப் பதினைந்து லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அவரும் நம்மைப் போல ஊர் விட்டு ஊர் போனவர்தான்.

இப்போது நம் கையில் உள்ளவற்றுக்கு வருவோம். பிளேடு மரத்துக்கு மேலே கால் அங்குலம் தெரிந்தால் போதும். கைடு பிளேடுக்கு நேர் இணையாக இருக்கிறதா என்று முன்னும் பின்னும் அளந்து பார்க்க வேண்டும். பின்பக்கம் ஒரு நூல் நெருங்கினாலும் மரம் கவ்வும். கைடு இல்லாமல் வெறுங்கையால் பிடித்து அறுக்கவே கூடாது. பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். கடைசி ஒரு ஜாண் மரத்தைக் கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். கையுறை வேண்டாம், நூல் சிக்கினால் கையையே இழுத்துக்கொள்ளும். தோளில் துண்டு, மடிப்பு அவிழும் கைலி, கையில் கட்டிய கயிறு எதுவும் ஆகாது. சிதறிய துண்டுக் கட்டையை ஓடும் பிளேடுக்குப் பக்கத்திலிருந்து விரலால் எடுப்பதுதான் நம்மவர்கள் அதிகம் செய்வது. நிறுத்துங்கள், பிளேடு முழுதும் நிற்கட்டும், பிறகு எடுங்கள்.

பழைய சென்ட்ரிங் பலகை தனி ஆபத்து. ஆணியும் காய்ந்த சிமென்டும் உள்ளே ஒளிந்திருக்கும். பிளேடு ஆணியில் பட்டால் பல் தெறித்துக் கண்ணுக்கு வரும். அறுக்கும் முன் ஆணி பிடுங்கும் நேரமும் வேலை நேரம்தான், அதற்கும் கூலி கேளுங்கள்.

மழுங்கிய பிளேடுதான் அதிக விரலைத் தின்கிறது. மழுங்கினால் பலம் போட்டுத் தள்ளுகிறோம், தள்ளும் கை நிற்காது. மரம் கருகிய வாடை வந்தால், புகைந்தால், சத்தம் மாறினால் சாணைக்கு அனுப்புங்கள். விரிசல் கண்ட பிளேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான், ஒட்டவைக்க வழியில்லை. பிளேடு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிச் சட்டைப் பையில் தொங்கும்படி வைத்துக்கொண்டாலும் தவறில்லை. மரத்தூளைத் தினமும் கூட்டுங்கள், மூக்கில் துணி கட்டுங்கள். மரத்தூள் மூக்குப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. விரல் துண்டானால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸுக்குள் வையுங்கள். விரல் நேரே ஐஸில் படக்கூடாது. காயத்தை அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்தபடி கொண்டுபோங்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்குப் பாதாளம் மருத்துவமனை பக்கம்தான். ஆனால் விரலை ஒட்டும் வசதி எங்கே இருக்கிறது என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டே கிளம்புங்கள்.

அடுத்தது பணம். பத்தாயிரம் ரூபாயும் ஊருக்கு பஸ் டிக்கெட்டும் கொடுத்து ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குவது பல இடங்களில் வழக்கம். சட்டம் சொல்வது என்ன? 1923-ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டம் விரலுக்கு விரல் அட்டவணை போட்டது. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவிகிதம், நடுவிரல் 12, கட்டைவிரல் 30, ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50. முப்பது வயது தொழிலாளிக்கு, 2020-இல் வைத்த மாத ஊதிய வரம்பு 15,000 ரூபாய் கணக்கில், அந்த ஆள்காட்டி விரலுக்கு 2,62,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. பத்தாயிரம் எங்கே, இது எங்கே! இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு இதற்குப் பதில் மாதாமாதம் உதவித்தொகை.

அந்தச் சட்டத்தில் ஒரு கண்ணி இருந்தது, புதிய தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. தொழிலாளி குடித்திருந்தாலோ, பாதுகாப்பு மூடியைத் தெரிந்தே தானாகக் கழற்றியிருந்தாலோ, விரல் போனதற்கு நட்டஈடு இல்லை என்று முதலாளி வாதாடலாம். எனவே மூடியைக் கழற்றியது யார் என்பதுதான் வழக்கின் உயிர். நீங்கள் கழற்றாதீர்கள். முதலாளி கழற்றியிருந்தால் அந்த மேசையைப் போனில் படம் பிடித்து, தேதி தெரிய இரண்டு தோழர்களுக்கு அனுப்பிவையுங்கள், விபத்துக்கு முன்னாலேயே. வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மனுப் போட இரண்டு ஆண்டுக் கெடு உண்டு, ஊருக்குப் போய்விட்டாலும் போடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தால் ஆலை என்றது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். 2020 தொகுப்புச் சட்டம் அதை 20 பேர் ஆக்கிவிட்டது. நம்மவர்கள் வேலை செய்யும் இடங்களில் பன்னிரண்டு, பதினைந்து பேர்தான். ஆலைக்கென்று வைத்த கட்டுப்பாடும் பரிசோதனையும் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களை விட்டே விலகிப் போகின்றன. 1953-இல் மட்டாஞ்சேரித் துறைமுகத் தொழிலாளிகள் சாப்பா முறையை எதிர்த்து நின்று துப்பாக்கிச் சூட்டை வாங்கினார்கள். அவர்கள் கேட்டது கெஞ்சாமல் வேலை பெறும் உரிமை. நாம் கேட்பது ஒரு இரும்புத் தகடும் ஒரு மூடியும். எண்ணிக்கை வரம்பை மாநில அரசு மரப்பட்டறைகளுக்குத் தளர்த்த வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம், கையெழுத்துத் தாள் பின்வரிசைக்கு வருகிறது.

வாசலில் தள்ளுகட்டைகள் வெட்டி அடுக்கி வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். நுனியில் மரத்தைக் கவ்வும் வெட்டு இருக்கும். அந்த வெட்டு தேய்ந்துவிட்டால் அதே அளவில் வேறொன்று செய்துகொள்ள, அளவு கட்டையின் மேலேயே தமிழில் எழுதியிருக்கிறது.