எலிக்கு மதில் கட்டுவதில்லை: குழுப் பணத்தைக் காக்க எவ்வளவு செலவழிக்கலாம்?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன், ஆதார், யுபிஐ எல்லாம் நம் கைக்கு வந்துவிட்டது. பின்னாலேயே திருட்டும் வந்துவிட்டது. குழுக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "இதைத் தடுக்க என்ன வாங்கிப் போடணும்? எவ்வளவு ஆகும்?" அதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

வயலில் எலி விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? சுற்றி மதில் கட்டுகிறோமா? இல்லை. வரப்பை ஒடுக்கிச் சீவி விடுகிறோம், ஏனென்றால் அகலமான வரப்பில்தான் எலி வளை தோண்டும். அதற்குச் செலவு மண்வெட்டி பிடிக்கிற கைதான். பிறகு மூங்கில் கிட்டி வைக்கிறோம். அதையும் வயல் பூராவும் வைப்பதில்லை. எலி ஓடுகிற தடம் பார்த்து வைக்கிறோம். எலி தின்னும் நெல்லின் மதிப்பைவிடக் கிட்டிக்காரர் கூலி அதிகம் என்றால் யாரும் கூப்பிட மாட்டோம். பணத்துக்கும் அதே கணக்குதான். எந்த வழியாகப் போகும், போனால் எவ்வளவு போகும், அந்த வழியை அடைக்க எவ்வளவு ஆகும் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம்ம கும்பகோணத்திலேயே நடந்ததைச் சொல்கிறோம். சிட்டி யூனியன் வங்கி 1904-ல் கும்பகோணம் வங்கியாகத் தொடங்கியது. தலைமை அலுவலகம் இன்றும் அங்கேதான். வெளிநாட்டு வங்கிகளுக்குப் பணம் அனுப்பச் சொல்லும் 'ஸ்விஃப்ட்' என்ற ஏற்பாட்டுக்குள் 2018 பிப்ரவரியில் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். வங்கி அனுப்பாத மூன்று உத்தரவுகள் வங்கியின் பெயரிலேயே போயின. மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். ஒன்று துபாய்க்கு, ஒன்று துருக்கிக்கு, ஒன்று சீனாவுக்கு. அனுப்பியதற்கு ஒப்புதல் செய்தி வந்தால் அதை அச்சடிக்கும் பிரிண்டரையும் முடக்கி வைத்திருந்தார்கள். சீட்டு வராது, யாருக்கும் தெரியாது என்று நினைத்திருப்பார்கள்.

எது பிடித்தது தெரியுமா? பிப்ரவரி 7-ம் தேதி வழக்கம்போல் கணக்கை ஒத்துப் பார்த்தார்கள். நம் ஏட்டில் இல்லாத பணம் அங்கே எப்படிப் போனது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. உடனே தகவல் பறந்தது. துபாய்க்குப் போக இருந்த 5 லட்சம் டாலரை நியூயார்க்கில் இருந்த வங்கி நிறுத்தித் திருப்பிக் கொடுத்தது.

இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2016 பிப்ரவரியில், வங்காளதேச மத்திய வங்கியிலும் இதே மாதிரிதான் நடந்தது. அங்கேயும் பிரிண்டர் நின்றுபோனது. சாதாரணக் கோளாறு என்று விட்டுவிட்டார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது. அந்த வங்கியில் தடுப்பு அரண் மென்பொருளே இல்லை, கணினிகளை இணைக்கும் கருவிகள் 10 டாலர் விலையில் வாங்கிய பழையவை என்று விசாரித்த போலீஸ் அதிகாரி பத்திரிகைகளிடம் சொன்னார். ஆகவே மலிவாக வாங்கினால் போதும் என்று நாம் சொல்ல வரவில்லை. பெரிய பணம் இருக்கிற இடத்தில் சிக்கனம் பிடித்தால் அது சிக்கனமே இல்லை.

இப்போது நம் குழுவுக்கு வருவோம். பாஸ்புக்கும் ரொக்க ஏடும் மாதத்துக்கு ஒரு முறையாவது ஒத்துப் பார்க்க வேண்டும் என்று முதல் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். எத்தனை குழு செய்கிறது? பாஸ்புக் பதிவு போட வங்கிக்குப் போய்வர பஸ் செலவு 30 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 30 ரூபாயைப் பார்த்து மூன்று மாதம் போகாமல் இருப்பவர்கள் உண்டு. கும்பகோணத்தில் திருட்டைக் காட்டிக் கொடுத்ததும் இந்த வேலைதான்.

அடுத்து, எலித்தடம். நம் குழுக் கணக்கில் சாதாரண நாளில் எட்டாயிரம், பத்தாயிரம் கிடக்கும். வங்கிக் கடன் வந்த அன்று ஆறு லட்சம் கிடக்கும். அப்படியானால் காவல் எப்போது வேண்டும்? கடன் வந்து பிரித்துக் கொடுக்கிற வரைக்கும் உள்ள அந்த நாலைந்து நாளில்தான். கடன் வந்ததும் தாமதிக்காமல் தீர்மானம் போட்டுப் பிரித்து விடுங்கள். அந்த நாட்களில் "மேனேஜர் பேசுறேன், ஒரு நம்பர் வந்திருக்கும் சொல்லும்மா" என்று போன் வந்தால் வைத்துவிட்டு, வங்கிக்கு நேரில் போய்க் கேளுங்கள். இரண்டு பேர் கையெழுத்து என்ற விதியை வசதிக்காகத் தளர்த்தாதீர்கள். வெறும் செக்கில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைப்பது வளையை நாமே தோண்டிக் கொடுப்பதுதான்.

இன்னொரு வழி நாமே உண்டாக்கியது. சேமிப்பையும் தவணையையும் பிரதிநிதியின் சொந்தப் போனுக்கு அனுப்பி விடுகிறோம். அவர் ஏமாந்தால் அவர் பணத்தோடு பன்னிரண்டு பேர் பணமும் போகும். பழியும் அவர் தலையில் விழும். யுபிஐக்கென்று வேறொரு வங்கியில் குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லாத கணக்கு ஒன்று தொடங்கி, போனை அதோடு மட்டும் இணைத்து, சேர்ந்த பணத்தை மறுநாளே குழுக் கணக்கில் கட்டிவிட்டால், போனாலும் ஒருநாள் வசூல்தான் போகும்.

கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறையில் ஓடிபி கேட்காது. ஆதார் எண்ணும் ரேகையும் போதும். 2018-ல் தெலங்கானாவில் நிலப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளை ரப்பரில் எடுத்து சிம் கார்டு வாங்கியதைப் பிடித்தார்கள். ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டி வைக்கலாம், காசு கிடையாது. ஆனால் செலவே இல்லை என்றும் சொல்ல முடியாது: பூட்டியிருந்தால் ரேஷன் கடையிலும் ரேகை விழாது, அன்றைக்குத் திறந்துகொள்ள வேண்டும். போன் வைத்திருப்பவருக்கு இது சரிப்படும். தனியாக இருக்கும் வயசான அம்மாவுக்குச் சரிப்படாது. அவர்கள் கணக்கில் அதிகப் பணம் வைக்காமல், மாதாமாதம் பதிவு போட்டுப் பார்ப்பதே மேல்.

"எல்லார் போனுக்கும் வைரஸ் தடுப்பு வாங்கிடலாமா?" என்று கேட்கிறார்கள். போனுக்கு 500 ரூபாய் என்றாலும் பன்னிரண்டு பேருக்கு 6,000 ரூபாய். நம்மை ஏமாற்றுகிறவர்கள் பெரும்பாலும் போனை உடைத்து உள்ளே வருவதில்லை. நம் வாயாலேயே எண்ணைச் சொல்ல வைக்கிறார்கள். அதை எந்த மென்பொருள் தடுக்கும்? அந்த 6,000 ரூபாயை உள்கடன் கொடுங்கள். தெரியாதவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செயலியை ஏற்றாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இவ்வளவுக்கும் மேல் போய்விட்டால்? அழுதுகொண்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் பேசுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வழி உண்டு. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் எடுத்திருந்தால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்பவருக்கு நட்டமில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை விட்டது. ஓடிபியை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது நம்முடையது. சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு என்றும் அதில் இருக்கிறது. ஆகவே வீட்டில் திட்டுவார்களே என்று ஒருநாள் தள்ளிப்போட்டால், அந்த ஒருநாளுக்கும் விலை உண்டு.

ஒரு வயலில் மட்டும் கிட்டி வைத்தால் பக்கத்து வயல் எலி வந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். அதனால் எந்தக் குழுவுக்கு மோசடிப் போன் வந்தாலும், என்ன சொல்லிப் பேசினார்கள் என்பதை அன்றே கூட்டமைப்புக்குச் சொல்லுங்கள். மற்ற குழுக்களுக்கு நாங்கள் சொல்கிறோம்.

கூட்டம் முடிந்ததும் பின்வரிசையில் கணினி படித்த நம் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆதாரோடு இணைத்த போன் கொண்டு வந்தவர்கள் ரேகையைப் பூட்டவும் திறக்கவும் அங்கே கற்றுக்கொள்ளலாம்.