வேலிக்குள்ளே வாழும் அயலவர்



காட்டு விலங்கு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் யாலைக்கும் வில்பத்துவுக்கும் ஓடிவிடுகின்றது. யானையையும் சிறுத்தையையும் கரடியையும் காண்பதற்காக வாகனம் பிடித்து நெடுந்தூரம் போகின்றோம். ஆனால், நாம் நித்திரைக்குச் சென்றபின் நமது கூரைமேல் உலாவுகின்ற மரநாயையோ, கோழிக்கூட்டைச் சுற்றிவருகின்ற கீரியையோ, கிணற்றடிக் கல்லிடுக்கிலே ஒதுங்குகின்ற பாம்பையோ நாம் அந்த வரிசையிலே வைத்து எண்ணுவதில்லை. வேலி நமக்குரியது; அதன் உள்ளே உள்ளவை யாவும் நமக்குரியவை என்பது நமது நினைப்பு. அவ்வேலியை அறியாத அயலவர் சிலரைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச எண்ணுகின்றேன்.

முதலில் மரநாயை எடுத்துக்கொள்வோம். பெயரளவிலே மாத்திரம் அது நாய். பூனையளவான உடல், நீண்ட வால், கூரிய முகம் என்பன அதன் அடையாளங்கள். பகலிலே வீட்டு முகட்டிலோ மரப்பொந்திலோ உறங்கி, இருட்டியபின் பழந்தேடிப் புறப்படும். பனையிலே கட்டிய முட்டியிலிருந்து கள்ளையும் குடித்துவிடும் என்று சீவல் தொழிலாளர் குறைகூறுவர். ஆங்கிலத்திலும் அதற்குக் கள்ளுப் பூனை என்னும் பொருள்பட ஒரு பெயர் வழங்குவதால், அக்குறை நம்மூரிலே மாத்திரம் எழுந்ததன்று என்பது தெளிவு. எனினும், தின்ற பழத்தின் வித்துக்களைச் சிதையாமல் வேறிடங்களிலே இட்டுச் செல்வதால், நாம் நடாத மரங்கள் பல நமது சுற்றாடலில் முளைப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகின்றது. எலியையும் அது பிடித்துண்ணும். முகட்டிலே எழும் ஓசைக்காக நாம் அதனைச் சபிக்கும்போது இவற்றையும் கணக்கிலே சேர்த்தல் வேண்டும்.

அடுத்தவர் கீரியார். பாம்பு தீண்டினால் கீரி ஓடிச்சென்று ஒரு பூண்டைக் கடித்து நஞ்சை முறித்துக்கொள்ளும் என்று நம் பாட்டிமார் கூறக் கேட்டிருக்கின்றோம். அப்படியொரு பூண்டு இல்லை. நாகத்தின் நஞ்சு ஓர் உயிரை வீழ்த்த வேண்டுமாயின், நரம்பும் தசையும் கூடுமிடத்திலே சென்று பற்றிக்கொள்ளல் வேண்டும். கீரியின் உடலிலே அவ்விடத்தின் அமைப்புச் சற்று வேறுபட்டிருப்பதால் நஞ்சு அங்கே எளிதிற் பற்றுவதில்லை. அதனோடு, கடிபடாமல் விலகுகின்ற அதன் விரைவும் சேர்ந்துகொள்கின்றது. ஆகவே, கீரி தேடும் பூண்டை நாமும் தேடிக் காலத்தைக் கழித்தல் ஆகாது.

இனி, இன்றைய பேச்சின் நடுப்பொருளுக்கு வருகின்றேன். அதனை ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே தொடங்க விரும்புகின்றேன்.

1974ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே எங்கள் கிராமத்தில் முதல் மழை பெய்து ஓய்ந்த சமயம். அப்பொழுது எனக்கு ஒன்பது வயது. எங்கள் அடுத்த வளவுப் பையன் ஒருவன் என்னோடு ஒரே வகுப்பிலே படித்தவன். விறாந்தையிலே பாய் விரித்துப் படுப்பது அவன் வழக்கம். ஒருநாள் விடியுமுன் எழுந்து வயிற்றுவலி என்று அழுதான். முதல்நாள் இரவு உண்ட பிட்டுச் செமிக்கவில்லை என்று எண்ணித் தாயார் ஓமத் தண்ணீர் கொடுத்தார். உடலிலே வீக்கமில்லை, காயமும் தென்படவில்லை. சிறிது நேரத்தில் அவனுடைய கண்மடல்கள் தாழத் தொடங்கின. “பிள்ளைக்கு இன்னும் நித்திரைத் தூக்கம் போகேல்லை” என்றார்கள். பின்னர் நாக் குழறிற்று. எச்சிலை விழுங்க இயலவில்லை. அப்பொழுதுதான் ஒரு முதியவர், “எட்டடி தீண்டியிருக்கும்” என்றார். உடனே பரிகாரியாரிடம் ஆள் போயிற்று. அவர் வந்து சேர்வதற்கு ஒரு மணி நேரமாயிற்று. அதன்பின்னரே கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். என் தகப்பனாரும் அக்காரிலே சென்றார். வழியிலேயே பையனின் மூச்சு அடங்கிவிட்டது.

செத்தவீடு முடிந்த மறுநாள் அயலிலுள்ள ஆண்கள் பொல்லுகளோடு புறப்பட்டனர். மாலைக்குள் மூன்று பாம்புகள் அடிபட்டு ஒழுங்கையிலே கிடந்தன. சிறுவர்களாகிய நாங்கள் சூழநின்று பார்த்தோம். பையனின் தாயாரும் வந்து பார்த்தார். “இதுகளோ என்ரை பிள்ளையைக் கொண்டது?” என்று மாத்திரம் கேட்டார். எவரும் விடை கூறவில்லை. மூன்றும் சாரைகள். எவருக்கும் தீங்கு செய்ய இயலாத, நஞ்சற்ற பாம்புகள். பையனைத் தீண்டிய எட்டடி விரியனை எவரும் காணவேயில்லை. மறு ஆண்டு எங்கள் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் நெல் மூடைகளை எலி தின்று தீர்த்தது.

நேயர்களே, இந்நிகழ்ச்சியிலே மூன்று பிழைகள் இருக்கின்றன. வயிற்றுவலியை வயிற்றுவலியென்றே கொண்டது முதலாவது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் வேறிடத்துக்கு ஆளனுப்பியது இரண்டாவது. கண்ணிற் பட்ட பாம்பையெல்லாம் கொன்றது மூன்றாவது. மூன்றையும் சிறிது ஆராய்வோம்.

எட்டடி விரியன் என்றும் எண்ணெய் விரியன் என்றும் வழங்கும் கட்டுவிரியன், பகலிலே விறகுக் குவியலிலும் கறையான் புற்றிலும் எலிவளையிலும் மறைந்திருந்து, இரவிலே இரைதேடும். எலியையும் பல்லியையும், மற்றைப் பாம்புகளையும் அது உண்ணும். இரையைத் தொடர்ந்து வீட்டினுள் நுழைந்து, தரையிலே உறங்குவோர் உடலோடு உராயும்போது தீண்டிவிடுகின்றது. அதன் கடி பெரும்பாலும் நோவதில்லை, வீங்குவதுமில்லை. உறங்குபவர் விழிக்காமலே இருந்துவிடுதலும் உண்டு. வயிற்றுவலி, கண்மடல் தாழ்தல், விழுங்க முடியாமை, பேச்சுக் குழறுதல், ஈற்றிலே மூச்சுத் தசைகள் செயலறுதல் என்பன அதன் நஞ்சு ஏறும் முறை. ஆதலால், தரையிலே படுத்துறங்கியவர் எவராயினும், விடியற்காலத்திலே வயிற்றுவலியென்று எழுந்து கண்ணைத் திறக்க இயலாது தடுமாறினால், கடிவாயைத் தேடிக்கொண்டு நில்லாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். மூச்சு நின்றாலும், கருவியின் உதவியால் மூச்சு ஊட்டி உயிரைக் காப்பதற்கு இன்று வழி உண்டு. ஆனால், ஆள் உயிரோடு அவ்வாசலை அடைந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது பிழைக்கு ஒரு காரணம் உண்டு. மந்திரித்தும் பச்சிலை கொடுத்தும் எத்தனையோ பேர் பிழைத்திருக்கின்றார்களே என்று நம்மவர் கேட்பர். 2016ஆம் ஆண்டிலே வெளிவந்த நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையில் ஓராண்டிலே ஏறக்குறைய 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாகின்றனர் என்றும், அவருள் ஏறக்குறைய 30,000 பேருக்கே நஞ்சேறுகின்றது என்றும், 400க்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. நஞ்சற்ற பாம்பு கடித்தவரும், நச்சுப்பாம்பு கடித்தும் நஞ்சு செலுத்தப்படாதவரும் அரைவாசிக்கு மேற்பட்டவர் என்பது இதனாற் புலனாகின்றது. மந்திரித்துப் பிழைத்தவர் பலர் மந்திரிக்காவிடினும் பிழைத்திருப்பர். உண்மையில் நஞ்சேறியவருக்கோ அங்கே கழிந்த ஒவ்வொரு நிமிடமும் இழப்பாகும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரான மருந்து ஆஸ்பத்திரியிலேதான் உண்டு. கடிவாயைக் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், இறுகக் கட்டுதலும் தீமையே தரும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி, ஆளைத் தேற்றி விரைவாகக் கொண்டுசெல்வதே முதலுதவி. பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போகவேண்டுவதில்லை. அம்முயற்சியிலே இன்னொருவர் கடிபடக்கூடும்.

மூன்றாவது பிழை நம்மிடையே இன்றும் மிகுதியாக உள்ளது. சாரை ஆறு, ஏழு அடி வரை வளர்வதால் அதனைக் கண்டோர் அஞ்சுகின்றனர். சாரையும் நாகமும் பிணையும் என்றும் கூறுவர். இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு தலை உயர்த்தி ஆடுவதைக் கண்டே இக்கதை பிறந்தது. பெரும்பாலும் அவை இரண்டும் ஆண் சாரைகள். ஒன்றையொன்று வீழ்த்த முயல்கின்ற மற்போர் அது. சாரையின் முக்கிய உணவு எலியும் தவளையும். அதனைக் கொன்றால் எலி பெருகும். எலி பெருகிய வீட்டை நச்சுப்பாம்புகளும் தேடிவரும். பழிவாங்க எழுந்த பொல்லு, எதிரியை விட்டுக் காவலாளியைக் கொல்லுகின்றது.

நாகத்தின் விடயத்திலே நம் முன்னோர் வேறொரு முறையைக் கையாண்டனர். நயினாதீவிலே நாகபூஷணி அம்மனையும், புளியம்பொக்கணையிலே நாகதம்பிரானையும் வணங்குகின்ற மக்கள், வளவிலே நாகத்தைக் கண்டால் பொல்லெடுப்பதில்லை. விலகிநின்று, “போய் வா” என்று கும்பிட்டு வழிவிடுவர். பாம்பு பால் குடித்து வாழும் உயிரன்று; கும்பிட்டதை அது அறிவதுமில்லை. எனினும், அந்த வழக்கம் மனிதரைப் பாம்பிலிருந்து சில முழத் தூரத்திலே நிறுத்தி வைத்தது. தூர நிற்பவரை நாகம் தேடிவந்து தீண்டுவதில்லை. பக்தியினாலே வந்த அந்தத் தூரத்தை அறிவினாலும் நாம் காத்துக்கொள்ளலாம்.

அதற்கு வேண்டுவன பெருஞ்செலவான காரியங்களல்ல. விறகையும் தென்னோலையையும் ஓட்டுக் குவியலையும் வீட்டுச் சுவரோடு அடுக்காது தள்ளி வையுங்கள். கோழித்தீன் சிந்தினால் அன்றே கூட்டி அள்ளுங்கள். அது எலியை அழைக்கும். இரவிலே முற்றத்தில் இறங்குமுன் மின்சூளை எடுத்துக்கொள்ளுங்கள். இயன்றவரை கட்டிலிலே உறங்குங்கள். தரையிலே படுப்பதாயின் நுளம்பு வலையை நான்கு பக்கமும் பாயின் கீழ்ச் செருகிக்கொள்ளுங்கள். நுளம்பு வலைக்குள் உறங்குவோருக்குப் பாம்புக்கடி குறைவென்பதை நேபாளத்திலே நடைபெற்று 2007ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றும் காட்டியுள்ளது. ஒரு வலையின் விலை என்ன? அன்று அந்த விறாந்தையிலே அது இருந்திருந்தால், என் வகுப்புத் தோழனும் இன்று என்னைப்போல் நரைத்த தலையோடு எங்கோ இருந்திருப்பான்.

என் வீட்டுக் கிணற்றடியிலே இப்பொழுது ஒரு சாரை குடியிருக்கின்றது. வேலை செய்ய வருவோர் அதனைக் கண்டு பொல்லுத் தேடும்போதெல்லாம் நான் தடுத்துவிடுகின்றேன். ஆயினும், ஒவ்வோர் இரவும் பேரப்பிள்ளைகளின் நுளம்பு வலையைச் சுற்றிவரச் செருகிவிட்ட பின்னரே நான் உறங்கச் செல்வது வழக்கம். அயலவரோடு கூடிவாழ்வதற்கு இரண்டும் வேண்டும்.