அரிசியில் பேர் எழுதியா இருக்குது?

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



'மதமும் தலித் விடுதலையும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்பைச் சுமக்கிற தோள் எனக்கு இல்லை. நான் வங்கியில் குமாஸ்தா. கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவன் பணத்தை எண்ணிக் கொடுக்கிறவன். ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமையானால் எங்க சேரிக் கோயிலில் காணிக்கைக் கணக்கு எழுதுகிறவன். அந்த மூன்றாவது வேலையைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். செங்கல்பட்டுப் பக்கம், நாற்பது வீடு, ஓடு போட்ட ஒரு சின்னக் கோயில், தென்னிந்தியத் திருச்சபை. அங்கே வாராவாரம் என்ன நடக்குது என்று சொல்றேன். தலைப்புக்கு வேண்டியதை அதிலிருந்து நீங்களே எடுத்துக்குங்க.

காலையில் டீ குடிக்கும்போது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, நீங்க அம்பேத்கர் படிச்சவரு. இன்னும் எதுக்கு சர்ச்சுக்குப் போறீங்க?" நியாயமான கேள்விதான். அம்பேத்கரே கேட்ட கேள்வி. மதம் மாறிய தீண்டப்படாதவர்களின் நிலையைப் பற்றி அவர் தனியாகவே எழுதியிருக்கிறார். கிறித்தவம் இவர்களுடைய சாதி இழிவைத் துடைத்ததா, அநீதியை எதிர்த்து எழுந்து நிற்கும் மனசைக் கொடுத்ததா என்று கேட்டு, மிஷனரிகளையும் மதம் மாறியவர்களையும் சேர்த்தே விமர்சித்திருக்கிறார். அந்த விமர்சனத்தை மறுக்க நான் வரலை. அதை எங்க கோயில் பாயில் உட்கார்ந்துகொண்டு படித்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எங்க கோயிலுக்கு மணி கிடையாது. வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குது. அதைத் தட்டினால் கோயில். இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள், தரையில் பாய். ஐயர் மாசத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருவார். ஒரு குருசேகரத்தில் பல ஊர்க் கோயில், அவர் ஒருத்தர். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார். அவருக்கும் உடம்பு முடியாவிட்டால் எங்களில் யாராவது. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி முழுச் சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்லுவாள். என் அம்மா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும். வேதபுத்தகத்தை வைத்துக்கொண்டுதான் மீதிப் படிப்பைப் படித்தாள். ஊர்த் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிடப்படாத ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று நூறு பேர் கேட்க வாசிக்கிறாள். இது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள், யாராவது தன்னை எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்த வீட்டில் பிறந்தவர்களாக இருக்கும்.

பிரசங்கத்துக்கு முன்னால் உபதேசியார் "ஜெபக் குறிப்பு இருந்தா சொல்லுங்க" என்பார். எங்க சேரியின் பத்திரிகை அதுதான். யார் வீட்டில் காய்ச்சல், எந்தப் பிள்ளைக்குக் கல்லூரிக்குப் பணம் கட்டணும், எந்த மேஸ்திரி கூலி தராமல் இழுக்கிறான், எல்லாம் அங்கே வரும். நூறு நாள் வேலைக் கூலி வாரக்கணக்கில் வராமல் கிடந்த ஒரு சமயம், ஒரு பெரியம்மா எழுந்து அதையே ஜெபக் குறிப்பாகச் சொன்னாள். கடவுள் கேட்டாரோ என்னவோ, நாற்பது வீடு கேட்டது. திங்கட்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றிய அலுவலக வாசலில் நின்றார்கள். புதன்கிழமை வீட்டு ஜெபத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு. வீட்டு ஜெபம் என்றால் பாட்டு, ஒரு அதிகாரம், அப்புறம் டீயும் பன்னும். நாம கூட்டம் போடப் படுகிற பாட்டை நினைச்சுப் பாருங்க. இவர்கள் வாரத்துக்கு இரண்டு கூட்டம் போடறாங்க, நோட்டீஸ் இல்லாமல்.

சரி, பெருமை பேசியாச்சு. இனி மற்றதைப் பேசணும்.

1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அங்கிருந்து தொடங்கிய சபைகளில் வேளாளருக்கு ஒரு பக்கம், பறையருக்கு ஒரு பக்கம் என்று இடம் பிரித்தே உட்கார வைத்தார்கள். சாதியைச் சபையிலிருந்து விலக்கவேண்டும் என்று பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் எழுதியபோது, சாதியை விட மனமில்லாமல் சபையை விட்டவர்கள் உண்டு. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் வேளாளரும் நாடாரும் தனித்தனியே உட்கார, கட்டடத்தையே கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரித்துக் கட்டினார்கள். நடுச்சுவர் இடிந்தது 1910-ல். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டபோது வீடுகள் தாக்கப்பட்டன, துப்பாக்கிச் சூடு வரை போனது. இதெல்லாம் நீங்க படிச்சிருப்பீங்க. நான் சொல்ல வந்தது அடுத்தவர் கோயில் சுவரைப் பற்றி இல்லை. எங்க கோயிலில் சுவர் கிடையாது, ஆனால் ஒரு பாய் இருந்தது.

எங்க திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கிறது என்று ஒரு சடங்கு. ஒருவர் தன் வலது உள்ளங்கையை இன்னொருவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இடது கையால் மூடிக்கொள்ளணும். வாங்கினவர் அடுத்தவருக்குக் கொடுக்கணும். ஐயரிடமிருந்து கிளம்பிக் கடைசி ஆள் வரைக்கும் கை மாறிக் கை போகும். தென்னிந்தியத் திருச்சபை 1950-ல் கொண்டுவந்த ஆராதனை முறையில் இதைச் சேர்த்தார்கள். தொட்டால் தீட்டு என்கிற நாட்டில், தொடுவதைச் சட்டமாக எழுதிவைத்த சடங்கு. எனக்கு அதில் ஒரு மயக்கமே உண்டு. அதைப் பற்றிக் கவிதைகூட எழுதியிருக்கேன்.

எங்க கோயிலில் மூன்று இருளர் குடும்பங்கள் இருக்கு. சவுக்கு வெட்டப் போகிறவர்கள், அரிசி ஆலையில் கொத்தடிமையாகக் கிடந்து வெளியே வந்தவர்கள். கடைசிப் பாய் அவர்களுடையது. யாரும் அங்கே உட்காரச் சொன்னதில்லை, யாரும் முன்னால் வரச் சொன்னதும் இல்லை. கை மாறிக் கை போகிற சமாதானம் அந்தப் பாய்க்கு முந்தின பாயில் நின்றுபோகும். ஒரு ஞாயிறு, பத்து வயசுப் பொண்ணு ஒன்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு காத்திருந்தது. அதற்கு முன்னால் இருந்த எங்க ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் காணிக்கைப் பையோடு பக்கத்தில்தான் நின்றேன். நானும் போகலை. கவிதை எழுதினவன் போகலை, தோழர்களே.

அந்த வாரம் புதன்கிழமைக் கூட்டத்தில் சண்டை வந்தது. "ஊர்க்காரன் நமக்குச் செய்யறதை நாம இவங்களுக்குச் செய்யறோமே" என்று முதலில் கேட்டது ஒரு பெண்தான். கோயிலைக் கூட்டுவதும் கைப்பிடி அரிசி சேர்ப்பதும் பெண்கள். கமிட்டியில் உட்காருவது மட்டும் ஆண்கள். அதையும் சேர்த்தே கேட்டாள். முதல் கேள்விக்கு உபதேசியார் ஒரு வழி கண்டுபிடித்தார். இப்போது சமாதானம் கடைசிப் பாயிலிருந்து கிளம்புது. அவர்கள் கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு வரும். இன்னும் இரண்டு மூன்று பேருக்கு அந்த நேரம் பார்த்துக் குழந்தை அழும், மூக்கு அரிக்கும். ஆனாலும் நடக்குது. இரண்டாவது கேள்வி அப்படியே கிடக்கு.

2020 கொரோனாவுக்குப் பிறகு பல நகரத்துக் கோயில்களில் கையைச் சேர்க்காமல் கும்பிட்டுக்கொள்கிறார்கள், ஒரே கிண்ணத்துக்குப் பதில் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம். தொற்று என்கிறார்கள், அது உண்மையும்தான். ஆனால் எங்களுக்குப் பயம் வருது. டீக்கடையில் இரட்டைக் குவளை போய்ப் பேப்பர் கப் வந்தபோது சாதி போகலை, கண்ணுக்குத் தெரியாமல் போச்சு. அந்த மாதிரி ஆகிவிடுமோ என்று.

இப்போது அரசாங்கத்துக்கு வருவோம். கையும் கையும் சேர்க்கிற ஆராதனை முறை வந்த அதே 1950-ல், ஆகஸ்ட் 10-ஆம் தேதி, பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் 3-ஆம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே. பழங்குடிகளுக்கான ஆணையில் இந்த மத நிபந்தனை இல்லை. அதனால் எங்க கோயிலில் கடைசிப் பாயில் இருக்கிற இருளர் பிள்ளை ஞானஸ்நானம் வாங்கினாலும் பழங்குடிதான். முந்தின பாயில் இருக்கிற பறையர் பிள்ளை வாங்கினால் பட்டியல் சாதி இல்லை, பிற்படுத்தப்பட்டவர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவனுக்கு இல்லை. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்தா அடிக்கிறான்?

எங்க அப்பா ஒரு பிடிவாதக்காரர். "சாமிக்கு முன்னாடி ஒரு பேரு, தாசில்தாருக்கு முன்னாடி ஒரு பேரா?" என்பார். அதனால் என் சான்றிதழ் பி.சி. ஒரே தெரு, ஒரே இரத்தம், என் சித்தப்பா மகன் சான்றிதழ் 'இந்து'. அவன் முதல் தேர்விலேயே வேலைக்குப் போனான். நான் ஐந்தாவது தடவை. அந்த நான்கு வருஷமும் அப்பாவோடு சரியாகப் பேசினதில்லை.

நான் பொருளாளர் ஆன பிறகு ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஒரு அம்மா வீட்டுக்கு வந்தாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். மகன் தேர்வில் பாஸாகிவிட்டான். சான்றிதழைச் சரிபார்க்க விசாரணைக்கு வரப்போறாங்க.

"ஏம்பா, சந்தா நோட்டுல எம்மவன் பேரு இருக்குதா?"

"இருக்குது பெரிம்மா. மாசாமாசம் இருபது ரூபா."

"அத்த எடுத்துடு. இனிமே அவன் பேருல ஒண்ணும் எழுதாத."

"காணிக்கை?"

"அரிசி போடறேன். அரிசியில பேரு எழுதியா இருக்குது?"

கைப்பிடி அரிசி உங்களில் பலருக்குத் தெரியும். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாக வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுவந்து கொட்டுவது. ரேஷன் அரிசி, பொன்னி, குருணை எல்லாம் ஒரே மூட்டையில் கலந்துபோகும். அறுப்பின் பண்டிகையில் அதைத்தான் ஆக்கி எல்லோரும் சாப்பிடுவோம். மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, பறட்டை என்று தனக்குப் பேர் வைத்துக்கொண்டவர், 2005-ல் மறைந்துபோனவர், ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிடுவதைத்தான் திருவிருந்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவரைப் படித்தவள் இல்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் அப்பா விலை கொடுத்தார், நான் கொடுத்தேன், நீ மட்டும் சும்மா தாண்டிப் போகலாமா என்று. வங்கியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது, பேரேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பானால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடணும். அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கையைப் பார்த்தேன். நாற்று முடி கட்டி விரிந்துபோன கை. அந்தக் கைக்கு நான் பாடம் நடத்த என்ன இருக்கு? அந்தப் பழைய பக்கம் என்ன ஆச்சு என்று இங்கே சொல்ல மாட்டேன், கேக்காதீங்க. அடுத்த மாசக் கமிட்டியில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். இனிமேல் காணிக்கையில் யார் பேரும் எழுத வேண்டாம், மொத்தம் மட்டும் வாசித்தால் போதும் என்று. காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லலை. கை தூக்கினார்கள். அதில் இன்னொன்றும் நடந்தது. முன்பெல்லாம் பேரும் தொகையும் வாசிக்கும்போது பத்து ரூபாய்க்காரர்கள் தலையைக் குனிவார்கள். இப்போது யாரும் குனியறதில்லை.

அந்தப் பையன் இப்போது வேலையில் இருக்கான். லீவில் வந்தால் வேப்பமரத்தடித் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். உள்ளே அவன் அம்மா முழங்காலில் இருப்பாள். கை மாறிக் கை வருகிற சமாதானம் வாசற்படியோடு நின்றுபோகும். அந்தக் கையை நிறுத்தினது எங்க ஆள் இல்லை, 3-ஆம் பத்தி.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கச் சொன்னது. 2022-ல் மத்திய அரசு பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டது. 2023 ஏப்ரல் 19-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. பத்தி மட்டும் இருந்த இடத்தில் இருக்கு. நம்மிலேயே சிலருக்கு, இவர்கள் வந்தால் நம்ம பங்கு குறையுமே என்ற பயம் இருக்கு. அந்தப் பயம் பொய்யில்லை. ஆள் கூடினால் பங்கும் கூடணும் என்று சேர்த்துக் கேட்பதுதான் அதற்குப் பதில். வேப்பமரத்தடியில் ஒருத்தனை உட்கார வைத்துவிட்டு உள்ளே நாம் பங்கு பிரிப்பது பதில் ஆகாது.

தம்பி, நீங்க கேட்டதுக்கு வர்றேன். நான் எதுக்குப் போறேன்? அங்கே விடுதலை கிடைச்சிட்டதால் இல்லை. எங்க சனங்க வாரத்துக்கு இரண்டு தடவை தானாகக் கூடுகிற ஒரே இடம் அது. அங்கே போகாமல் அவர்களிடம் சாதியைப் பற்றிப் பேச எனக்கு வேறு இடம் தெரியலை. அங்கே போனதால்தான் என் சாதியையும் நான் பார்த்தேன்.

உங்களில் யாருக்காவது முடிஞ்சா ஒரு ஞாயிறு வாங்க. சாமி கும்பிடச் சொல்லலை. கடைசிப் பாயில் இடம் இருக்கும், அங்கே உட்காருங்க. சமாதானம் அங்கிருந்துதான் கிளம்பும். வாங்கினீங்கன்னா, திண்ணையில் இருக்கிறவனுக்கும் கொண்டுபோய்க் கொடுங்க.

ஜெய்பீம்.