பழைய கணிப்பொறி: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

1978-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அதன் கணிப்பொறிகள் இங்கேயே தங்கிவிட்டன. வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்நிறுவனம் ஏற்கவில்லை. 800-க்கும் மேற்பட்ட இடங்களில் இருந்த பொறிகளைப் பராமரிக்கும் பொறுப்பு, மைய அரசு 1975-இல் தோற்றுவித்த கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷனை வந்தடைந்தது. அவற்றுள் 1401 போன்ற மாதிரிகள் மேலைநாடுகளில் அப்போதே வழக்கொழிந்தவை. ஆயினும் அவை நின்றால் சம்பளப் பட்டியலும் நின்றுவிடும்.

அப்பொறிகளைச் செப்பனிட முடிந்ததற்கு அவற்றின் அமைப்பே பெரிதும் துணை நின்றது. 1401-இன் டிரான்சிஸ்டர்கள் சிறுசிறு அட்டைகளில் பொருத்தப்பட்டிருந்தன. பழுதான அட்டையை உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். உருவிய அட்டையிலும் கெட்ட உறுப்பை மட்டும் மாற்றலாம். இன்றைய மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் நினைவகமே தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது. இங்கே தடையாக நிற்பது பழுது பார்ப்பவரின் திறமைக் குறைவன்று, வடிவமைத்தவரின் முடிவு.

மேசைக் கணிப்பொறி ‘கெட்டுவிட்டது’ என்று அலுவலகக் கோப்பில் எழுதப்படுகையில், கெட்டது எது என்பது பெரும்பாலும் ஆராயப்படுவதில்லை. நாளும் நேரமும் தவறினால், தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்திருக்கலாம். அதன் விலை ஒருவேளைச் சிற்றுண்டிக்கு ஆகும் செலவுதான். அதற்காகப் புதுப் பொறி கேட்டு எழுதுவோரும் உண்டு! திரை எழாவிடில், நினைவக அட்டையின் தொடுமுனைகளைத் துடைத்து மீண்டும் செருகிப் பார்ப்பது முதற்படி. சிறிது நேரம் ஓடியபின் தானே அணைந்தால், விசிறியில் படிந்த தூசியை நோக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டுமே மாற்றிச் சோதித்தல் நன்று. இரண்டை ஒருங்கே மாற்றினால் பழுது எதிலிருந்தது என்பது புலப்படாது.

வன்தட்டின் நிலை வேறு. அதிலிருந்து ‘டிக், டிக்’ என்ற ஒலி எழுந்தால் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது பெருந்தவறு. புதிய தட்டை வாங்கிவிடலாம். அழிந்த பதிவேடுகளை எங்கே வாங்குவது?

பாகங்கள் யாவும் நலமாயிருந்தும் மாற்ற நேர்வதுண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பைக் கோருகிறது. அவ்வசதியற்ற பொறியில் பழைய மென்பொருளையே வைத்துக்கொண்டு, மக்களின் வரி விவரங்களையும் நில விவரங்களையும் ஏற்றி, இணையத்திலும் இணைத்து வைப்பது சிக்கனமாகாது. லினக்ஸ் ஏற்றி மாணவர் பயிற்சிக்கு அதனைத் தரலாம்.

2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பெருமளவில் இவற்றைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் தம் கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர் அல்லது மறுசுழற்சியாளரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்குமுன் தட்டிலுள்ள விவரங்களை மீட்க இயலாதவாறு அழித்துவிடுவதும், அதனைக் கோப்பில் குறித்து வைப்பதும் அலுவலகத்தின் பொறுப்பாகும்.