பின்னணி இசையின் மீட்சி



நாடகம் பார்த்து வீடு திரும்பும் ஒருவரிடம் கதை எப்படி என்று வினவினால் விடை கிடைக்கும். நடிப்பு எப்படி என்று வினவினாலும் கிடைக்கும். பின்னணியில் ஒலித்த இசை யாது என்று வினவினால் அவர் சற்றே விழிப்பார். கேட்கின்றோம் என்ற உணர்வே எழாவண்ணம் நெஞ்சில் அச்சத்தையும் இரக்கத்தையும் விளைப்பதே அவ்விசையின் தொழில். தன்னை மறைத்துக்கொண்டு பணிபுரிவதனாலேயே அதனைப் பேணிவைக்க வேண்டும் என்ற எண்ணமும் பலருக்கு எழுவதில்லை. அவ்வாறு அழியவிருந்த இசையொன்று மீட்கப்பட்ட வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1963 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23 ஆந் திகதி, ‘டொக்டர் ஹூ’ என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடர்நாடகத்தைத் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொலையுண்டதற்கு மறுநாள் அது. காலத்தையும் வெளியையும் கடந்து செல்லும் விசித்திரப் பயணி ஒருவரே கதாநாயகர். அவர் ஏறிச்செல்லும் கலம் எழுப்பும் ஒலியைப் பிரையன் ஹொட்சன் என்பவர் உண்டாக்கிய விதம் வியப்புக்குரியது. பழைய பியானோ ஒன்றின் கனத்த தந்தியின்மீது வீட்டுத் திறப்பு ஒன்றை இழுத்துத் தேய்த்தார். எழுந்த ஓசையை நாடாவிற் பதிந்து பலவாறு திரித்தார். பிரபஞ்சத்தைக் கடக்கும் கலத்துக்கு ஒரு திறப்பே போதுமாயிற்று!

தொடரின் முகப்பிசையை இயற்றியவர் ரொன் கிரெய்னர். ஆயினும், தாளில் இருந்த சுரங்களை ஒலியாக்கியவர் டீலியா டாபிஷயர் என்னும் அம்மையார். 1937 இல் கொவென்ரி நகரிற் பிறந்தவர். கேம்பிரிட்ஜிலே கணிதமும் இசையும் பயின்றவர். போர்க்காலத்தில், குழந்தைப் பருவத்திலே கேட்ட விமானத் தாக்குதல் அபாயச் சங்கொலியே தமக்கு ஒலியின்மீது வேட்கை பிறப்பித்தது என்று பிற்காலத்தில் அவர் கூறியதுண்டு. 1958 இல் நிறுவப்பெற்ற ‘ரேடியோபோனிக் வேர்க்ஷொப்’ என்னும் ஒலிப்பட்டறையில் அவர் பணியாற்றினார். இலண்டன் மேடா வேல் பகுதியில், முன்னர் சில்லுச் சறுக்கு அரங்காக விளங்கிய கட்டடத்திலே அப்பட்டறை இருந்தது.

விசைப்பலகையைத் தட்டியதும் வேண்டிய ஒலியைத் தரும் கருவிகள் அந்நாளில் அங்கு இருக்கவில்லை. ஒற்றைத் தந்தியை மீட்டிய ஒலி, மின்னலையாக்கிகள் எழுப்பிய ஒலி, வடிகட்டிய வெற்றிரைச்சல் ஆகியவற்றை நாடாவிற் பதிந்து, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே ஆக்கினர். நாடா விநாடிக்கு 15 அங்குலம் ஓடுமாயின், அரை விநாடிச் சுரத்துக்கு ஏழரை அங்குலத் துண்டு வேண்டும். அவ்வாறு அளந்து, சவர அலகினால் வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினர். கணிதம் இசையாவதை வேறெங்கும் இத்துணைத் தெளிவாக யான் கண்டதில்லை. பல்தடப் பதிவுக் கருவியும் இல்லாமையால், வெவ்வேறு நாடாக்களை ஒரே வேளையில் ஓடவிட்டு இணைத்தனர். இடையே எங்கோ ஒரு பிழை புகுந்து ஒத்திசைவு கெட்டது. உதவியாளர் டிக் மில்ஸுடன் சேர்ந்து, நீண்ட நடைவழியிலே நாடாக்களை அருகருகே விரித்து, ஒட்டுக்களை ஒப்பிட்டுப் பிழையைக் கண்டுபிடித்தனராம்.

இனி, மீட்சியின் கதைக்கு வருவோம். அந்நாளில் ஒளிப்பதிவு நாடா விலைமிக்கது. ஒருமுறை ஒளிபரப்பானதை மீண்டும் பார்ப்பார் யார் என்ற எண்ணமும் இருந்தது. ஆகவே தொடரின் தொடக்ககாலப் பகுதிகள் பல அழிக்கப்பட்டன. எஞ்சியிருப்பது இரசிகர் சிலருடைய ஆர்வத்தின் பயன். தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிவாங்கியை வைத்து அவர்கள் பதிந்த நாடாக்களின் உதவியால், படம் அழிந்த பகுதிகள் அனைத்தின் ஒலியும் இன்று நம்மிடம் உண்டு. ஆயினும் அதில் இசை வசனத்தின் அடியிலே புதையுண்டு கிடக்கின்றது; பாலிற் கலந்த நீரைப் போலப் பிரித்தெடுத்தல் அரிது.

1998 இல் அந்த ஒலிப்பட்டறை மூடப்பட்டது. அங்கிருந்த நாடாக்களைப் பட்டியலிட்டுப் பேணும் பொறுப்பை மார்க் அயர்ஸ் ஏற்றார். 1980களின் இறுதியில் இதே தொடருக்கு இசையமைத்தவர் அவர். இத்தகைய பழைய நாடாக்களில் ஒட்டுக்களின் பசை உலர்ந்து, ஓடவிட்டதும் துண்டுதுண்டாய்க் கழன்று விழும். ஒருசார் நாடாக்கள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும்; அவற்றை மெல்லிய சூட்டிற் பல மணிநேரம் உலர்த்திய பின்னரே இயக்கலாம். அடுத்தடுத்த சுற்றுக்களின் ஒலி ஒன்றன்மீதொன்று படிந்து, வரப்போகும் சுரம் முன்கூட்டியே மங்கலாகக் கேட்பதுமுண்டு. இரைச்சலை முற்றாக நீக்கக் கணினிக்கு வல்லமை உண்டு. ஆனால் இங்கோ இரைச்சலே இசையின் ஒரு கூறு. எதை நீக்குவது, எதை விடுவது என்பதைச் செவியும் மனச்சாட்சியுமே தீர்மானிக்க வேண்டும். 2000 ஆம் ஆண்டு முதல் இவ்விசை இறுவட்டுக்களாக வெளிவரலாயிற்று.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. 1964 முதல் 1970களின் முடிவுவரை இத்தொடருக்கு மிகுதியாக இசையமைத்தவர் டட்லி சிம்சன். மிகச் சில வாத்தியக்காரரைக் கொண்டே பெரும் அச்சங்களை எழுப்பியவர். அவருடைய மூல ஒலிநாடாக்களிற் பெரும்பாலானவை பேணப்படவில்லை. 1993 இல் அவருடைய இசையிற் சிலவற்றை வேறொருவர் மின்னிசைக் கருவிகளில் மீண்டும் வாசித்து வெளியிட்டார். நல்ல முயற்சிதான். எனினும், அதனை மீட்பு என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை. இடிந்த கோயிலின் கற்களை எடுத்து அடுக்குதல் வேறு. அதன் சாயலிற் புதிய கோயில் கட்டுதல் வேறு.

இவ்வளவு கூறுவதற்கு யான் தகுதியுடையவனோ அல்லேன். பல்லாண்டுகளுக்கு முன், யான் கடமையாற்றிய பாடசாலையில் சங்கீத ஆசிரியை ஒருவர் மாணவியரின் நிகழ்ச்சிகளை ஒலிநாடாக்களிற் பதிந்து வைத்திருந்தார். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அறிவித்தல் பதிய நாடா வேண்டியிருந்தது. அவற்றுள் இரண்டை எடுத்து வரும்படி பணித்தவன் யானே. அவ்வறிவித்தல் ஒருநாள் மட்டுமே பயன்பட்டது. அவ்வாசிரியை இன்று உயிருடன் இல்லை. அவர் குரல் வேறெந்த நாடாவிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

டாபிஷயர் அம்மையாரை இசையின் இணைப் படைப்பாளராக ஏற்கவேண்டும் என்று கிரெய்னர் விரும்பினார். நிறுவன விதிகள் அதற்கு இடந்தரவில்லை. திரையிற் பட்டறையின் பெயரே வந்தது. 1973 இல் அவர் அங்கிருந்து விலகினார். 2001 இற் காலமானார். அதன்பின் அவர் வீட்டு மேன்மாடத்தில் 267 ஒலிநாடாக்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை இலக்கமுறைக்கு மாற்றப்பட்டு, மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிற் பேணப்படலாயின. 2013 நவம்பரில் தொடரின் பொன்விழா நாடகம் ஒளிபரப்பானபோது, முகப்பிசைக்குரியோர் வரிசையில் அவர் பெயர் முதன்முறையாகத் திரையிலே தோன்றிற்று. அவர் மறைந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.