கணிப்பொறி கிளம்பாதபோது

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



கம்ப்யூட்டர் என வழங்கும் கணிப்பொறியைக் கடையில் முழுதாக வாங்காமல், அதன் பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வழக்கம் நம் குடும்பங்களில் இப்பொழுது பரவி வருகின்றது. ரிச்சி தெருவுக்குச் சென்று விலை விசாரித்து, ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்து வரும் பிள்ளைகளை யாம் மெச்சுகிறோம். ஆயினும், பல மாதம் சேர்த்த பணத்தையெல்லாம் இட்டுப் பூட்டி முடித்துப் பொத்தானை அழுத்தும்போது, யந்திரம் வாய் திறவாமல் இருக்குமாயின், அவ்வீட்டில் நேரும் கலக்கம் சிறிதன்று. தகப்பனார் "முழுதாகவே வாங்கியிருக்கலாமே" என்பார். பிள்ளையின் முகம் வாடிவிடும். மறுநாள் எவரோ சொன்ன வார்த்தையை நம்பி மதர்போர்டைப் புதிதாய் வாங்குவார்கள், அதிலும் கிளம்பாது, பிறகு பிராசஸர்மேல் சந்தேகம் வரும். இங்ஙனம் குற்றமற்ற பாகங்கள் பழி சுமந்து அலமாரியிற் கிடப்பதை யாம் பல வீடுகளிற் கண்டிருக்கிறோம். ஆகவேதான் இவ்விஷயத்தைப் பேச எடுத்துக்கொண்டோம்.

வீட்டில் கணிப்பொறி கட்டுதல் புதிய காரியமன்று. 1975 ஜனவரியில் அமெரிக்காவில் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் என்னும் சஞ்சிகை, ஆல்டேர் 8800 என்ற பொறியைப் பாகங்களாகவே 397 டாலருக்கு வாங்கலாம் என வெளியிட்டது. அதற்குத் திரையுமில்லை, எழுத்துப் பலகையுமில்லை. முகப்பில் ஸ்விச்சுகளும் சிறு விளக்குகளுமே உண்டு. நூற்றுக்கணக்கான இடங்களில் சால்டரிங் செய்து முடித்தவர்க்கே அது உயிர்பெறும். அவ்வாண்டு மார்ச்சு 5-ந் தேதி கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னுமிடத்தில் ஒருவர் வீட்டுக் கார்க் கொட்டகையில் ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் முதன்முதல் கூடிற்று. தாம் அறிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே அவர்கள் கூடினர். பின்னர்ப் புகழ்பெற்ற ஆப்பிள் கம்பெனியாரின் முதற்பொறியும் 1976-இல் அக்கூட்டத்தாரிடையே காட்டப்பெற்றதே. அவர்கள்பட்ட பாட்டை நோக்க நம் பிள்ளைகளின் வேலை எளிது. இப்போது சால்டரிங் இல்லை, பொருத்துவதும் திருகுவதுமே. அதனாலேயே, புதிதாய்ப் பூட்டியது கிளம்பாவிடில், பாகம் கெட்டதென்று முடிவு கட்டுமுன் பொருத்தியதில் எங்கோ குறையிருக்கிறது என்று கொள்வதே நியாயமாகும்.

எந்தப் பாகம் கெட்டது என்று கேட்டுத் தொடங்குவது பயன்படாத வழி. யந்திரம் எந்தப் படிவரை ஏறி நின்றது என்றே முதலிற் கேட்க வேண்டும். கணிப்பொறி ஒரே பாய்ச்சலில் விழிப்பதில்லை. ஒரு கிரமப்படியே விழிக்கின்றது. 1995-இல் இன்டெல் கம்பெனியார் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் முறையில், முகப்பிலுள்ள பொத்தான் சுவர் மின்சாரத்தை நேரே திறப்பதன்று. எஸ்.எம்.பி.எஸ். என்று நாம் சொல்லும் மின்பெட்டி, பின்புற ஸ்விச்சு போட்ட கணமுதலே 5 வோல்ட் அளவான ஒரு சிறு மின்சாரத்தைக் காவலாளி போல் மதர்போர்டுக்கு அளித்துக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் மதர்போர்டு மின்பெட்டிக்குச் சமிக்ஞை செய்யும். அப்போதுதான் 12, 5, 3.3 வோல்ட் மின்சாரங்கள் எழும். அவை நிலைபெற்றதும், ஒரு வினாடியில் பாதிக்குள், "மின்சாரம் சரி" என்று மின்பெட்டி மறுமொழி தரும். அதன் பின்னரே பிராசஸர் விழித்து, பயாஸ் என்னும் நிலைத்த கட்டளைகளைப் படிக்கத் தொடங்கி, ராம் என்னும் நினைவுப் பலகையைச் சோதித்து, கிராபிக்ஸைத் தேடித் திரையில் எழுத்தைக் காட்டும். இச்சோதனைக்குப் போஸ்ட் என்று பெயர், ஐ.பி.எம். கம்பெனியார் 1981 ஆகஸ்டில் வெளியிட்ட பொறியிலும் இஃது உண்டு. குறையில்லையெனில் அப்பொறி ஒரு சிறு "பீப்" ஒலி எழுப்பும். விண்டோஸ் முதலியவை வருவது இவையெல்லாம் முடிந்த பிறகே. எனவே திரை இருண்டிருக்கையில் விண்டோஸை மறுபடி போட்டுப் பார்ப்போம் என்பது, வாசலே திறவாத வீட்டில் அடுப்பெரியவில்லை என்று விசனப்படுவதை ஒக்கும்.

பொத்தானை அழுத்தியும் விசிறி சுழலாமல், ஒரு விளக்கும் எரியாமல் இருந்தால், முதற்படியிலேயே நின்றதென்றறிக. சுவர்ப் பிளக்கில் மின்சாரம் உண்டா என்று மேஜை விளக்கை மாட்டிப் பார்த்துவிடலாம். மின்பெட்டியின் பின்புற ஸ்விச்சு வட்டக்குறியில் இருந்தால் அது அணைந்த நிலை. 24 துளைப் பிளக்கு மதர்போர்டில் கொக்கி விழும்வரை அமர்ந்திருத்தல் வேண்டும். இவை சரியாயின், பொத்தானின் கம்பியை நோக்குக. முகப்பிலிருந்து வரும் கம்பிகள் மிகச் சிறியவை. மதர்போர்டின் ஓரத்தில் நெருங்கி நிற்கும் ஊசிகளில் எதை எதிலிடுவதென்று புத்தகத்தைப் பாராமல் மாட்டுவோர் அநேகர். பவர் ஸ்விச்சுக்குரிய இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் யந்திரம் கிளம்ப வேண்டும். கிளம்பினால் பொத்தானோ அதன் கம்பியோதான் குறையுடையது. ஆயிரக்கணக்கான ரூபாய்ச் சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

ஒரு கணம் சுழன்று உடனே நின்றுவிட்டால், எங்கோ மின்சாரம் குறுக்கே பாய்கின்றது. மின்பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திக்கொள்கின்றது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கேபினட்டில் மதர்போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்பேசர்களில் ஒன்று துளையில்லாத இடத்தின் கீழ் நின்று பலகையின் அடியைத் தொடுவதும், உதிர்ந்த ஒரு திருகு உள்ளே உருண்டு கிடப்பதும் இதற்குக் காரணமாகும்.

மிகுதியாய் நேர்வது வேறொன்று. விசிறிகள் சுழலும், வர்ண விளக்குகளும் ஜொலிக்கும். திரை மட்டும் இருண்டிருக்கும். கடைக்காரர்கள் "நோ டிஸ்ப்ளே" என்பது இதனையே. விசிறி சுழல்வதைக் கண்டு, "மின்சாரம் வருகின்றது; ஆதலால் பிராசஸர்தான் போய்விட்டது" என்று சொல்வோர் உளர். இது பிழை. விசிறிக்கு வேண்டியது 12 வோல்ட் மட்டுமே. பிராசஸருக்கோ மதர்போர்டின் மேல்மூலையில் தனியாக ஒரு 8 துளைப் பிளக்கு உண்டு. நான்கும் நான்குமாய்ப் பிரியும் அப்பிளக்கை மாட்ட மறந்தால் விசிறி சுழலும், பிராசஸர் விழிக்காது. கிராபிக்ஸ் கார்டுக்குரிய பிளக்கு ஆறும் இரண்டுமாய்ப் பிரிவது. பார்வைக்கு ஒத்திருப்பினும் அது வேறு. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வலிந்து அழுத்தினால் பாகம் எரிந்துபோகும்.

அடுத்தபடி, திரையின் கம்பி எங்கே செருகப்பட்டிருக்கிறது? தனிக் கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர் மானிட்டர் கம்பியை அக்கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டுத் தவிப்பதை யாம் எண்ணிறந்த முறை கண்டோம். இன்டெல் பிராசஸரில் பெயரின் இறுதியில் எஃப் என்னும் எழுத்திருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை. மதர்போர்டில் துளை இருப்பதனாலேயே படம் வந்துவிடாது.

இனி ராம் பலகை. எம்முடைய எண்ணத்தில் வீட்டுப் பொறிகளின் மௌனத்துக்கு இதுவே முதற்காரணம். புதியவர்கள் பலகை ஒடிந்துவிடுமென்று அஞ்சி மெல்ல அமுக்குகிறார்கள். அது அரைகுறையாய் நிற்கின்றது. இருபுறமும் சமமாக, கொக்கி தானே விழும்வரை அழுத்த வேண்டும். நான்கு இடமுள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில் இரண்டு பலகைகளைப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களிலும், ஒன்றேயாயின் இரண்டாவது இடத்திலும் இடுதல் முறை. பழைய பலகையாயின் அதன் பொன்னிற விளிம்பை மெல்லிய ரப்பரால் துடைத்து, தூளை நீக்கி இடுவது நம் ஊர் மெக்கானிக்குகளின் கைவைத்தியம். பல சமயம் பலிக்கவும் செய்கிறது. டி.டி.ஆர்.5 என்னும் புது வகை ராம் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. முதன்முறை கிளம்பும்போது அவ்வகைப் பொறி ராமுக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷம் எடுத்துக்கொள்வதுண்டு. அதுவரை திரை இருண்டேயிருக்கும். அரை நிமிஷத்தில் பொறுமையிழந்து அணைத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். ஒரு கால்மணி நேரம் விட்டுவைத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

யந்திரம் மௌனமாயிருந்தாலும் அதனிடம் கேள்வி கேட்க வழியுண்டு. இப்போதைய மதர்போர்டுகள் பலவற்றில் சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று பெயரிட்ட நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன. எது அணையாமல் நிற்கிறதோ அப்படியில் நின்றதென்பது பொருள். விளக்கில்லாத பலகையாயின் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு ஸ்பீக்கரை அதற்குரிய ஊசிகளில் மாட்டி, ராம் பலகை அனைத்தையும் எடுத்துவிட்டுக் கிளப்பிப் பாருங்கள். ராம் இல்லையென்று அது "பீப் பீப்" என்று முறையிட்டால், பிராசஸரும் மதர்போர்டும் பயாஸும் உயிரோடிருக்கின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டா. அதன் பின் மதர்போர்டை மாற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டுவதில்லை.

பாகங்கள் யாவும் நல்லனவாயிருந்தும் ஒன்றையொன்று அறியாமையால் நிற்பதும் உண்டு. 2018 பிப்ரவரியில் ஏ.எம்.டி. கம்பெனியார் கிராபிக்ஸ் உள்ளடங்கிய புதிய ரைசன் பிராசஸர்களை வெளியிட்டனர். அவை முன்பே விற்ற மதர்போர்டுகளில் பொருந்தும். ஆனால் பழைய பயாஸுக்கு அப்பிராசஸரைத் தெரியாது. பயாஸைப் புதுப்பிக்கவோ யந்திரம் கிளம்ப வேண்டும். கிளம்பவோ பயாஸ் புதியதாக வேண்டும். இச்சிக்கலுக்கு அக்கம்பெனியாரே பழைய பிராசஸர் ஒன்றை இரவலாய் அனுப்பி உதவினர். இக்காலத்துப் பலகைகள் சிலவற்றில் பிராசஸர் இன்றியே யு.எஸ்.பி. வழியாகப் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் உண்டு; வாங்கும்போதே அஃதுள்ளதைத் தேர்தல் நலம். பயாஸில் எதையேனும் மாற்றியபின் நின்றதானால், மின்சாரத்தை நீக்கி, நாணயம் போன்ற சி.ஆர்.2032 பாட்டரியைச் சில நிமிஷம் எடுத்துவைத்து மறுபடி இட, அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும்.

இவ்வளவும் பார்த்தும் கிளம்பாவிடில், கூட்டாதீர்கள், குறையுங்கள். மதர்போர்டைக் கேபினட்டிலிருந்து எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின்மேல் வையுங்கள்; அதனைச் சுற்றிவந்த பளபளக்கும் உறையின்மேல் வைக்க வேண்டா, அதன் வெளிப்புறம் மின்சாரத்தைக் கடத்தலாம். பிராசஸர், அதன் கூலர், ஒரே ராம், மின்பெட்டி, அவசியமாயின் கிராபிக்ஸ் கார்டு, இவ்வளவே இருக்கட்டும். ஹார்டு டிஸ்கும் வேண்டா. இந்நிலையில் கிளம்பினால், நீக்கியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் கிளப்புக; எதனைச் சேர்த்தபோது நின்றதோ அதுவே குற்றவாளி. ஒரே தடவையில் இரண்டை மாற்றியவருக்கு யந்திரம் கிளம்பினாலும் காரணம் தெரியாது.

பிராசஸரைக் கழற்ற நேரின் மிக்க ஜாக்கிரதை வேண்டும். இன்டெல் வகையிலும், 2022-இல் வந்த ஏ.எம்.5 வகையிலும் ஆயிரத்தெழுநூறு அளவான மெல்லிய ஊசிகள் மதர்போர்டின் துளையிலேயே உள்ளன. விரல் பட்டாலே வளையும். கூலரின் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பூட்டியோரும் உண்டு. அப்பொறி கிளம்பிச் சிறிது நேரத்தில் சூடேறி அணையும்.

தாய்மார்களும் தந்தையரும் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்று. மதர்போர்டில் ஓடுவது 12 வோல்ட்டுக்கு மேற்படாது. ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது தங்கும். அதனைப் பிள்ளைகள் திறக்க இடங்கொடாதீர்கள். அதனைப் பரீட்சிக்க வேண்டின் தெரிந்தவரிடமுள்ள மல்ட்டிமீட்டரால் வெளிப்பிளக்கிலேயே பார்க்கலாம். 12 வோல்ட் என்பது 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருத்தல் வேண்டும். எமக்கு எல்லாவற்றிலும் சிக்கனம் பிரியமாயினும், மின்பெட்டியில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள் என்றே சொல்வோம். மூன்று முனைப் பிளக்கின் எர்த்து முனையைச் சிலர் முறித்துவிட்டு மாட்டுகிறார்கள். அது பெரும் அபாயம்.

கடைசியாக, கடைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டுமெனில், யந்திரத்தோடு ஒரு காகிதமும் கொண்டு செல்லுங்கள். எந்த விளக்கு எரிந்து நின்றது, எத்தனை பீப் கேட்டது, எந்த ராமை எந்த இடத்தில் வைத்துப் பார்த்தது, எதை நீக்கியபோது என்ன நேர்ந்தது என்பவற்றைப் பிள்ளையே அதில் எழுதட்டும். பாகங்களின் பில்லும் பெட்டியும் பத்திரமாயிருக்கட்டும். வாரண்டி உள்ள பாகத்துக்குக் காசு கொடுப்பானேன்? காகிதம் உள்ளவரிடம் கடைக்காரர் முதலில் அதைப் படிப்பார். இல்லாதவரிடம் முதலில் விலையைச் சொல்வார். இவ்வூரில் கிளம்பாத பொறி வைத்திருப்போர் அடுத்த மாதக் கூட்டத்துக்கு அதையும், மேற்சொன்ன காகிதத்தையும் கொண்டு வந்தால், யாம் உடனிருந்து பார்க்கச் சித்தமாயிருக்கிறோம். மானிட்டர் ஒன்று சங்கக் கட்டடத்திலேயே உள்ளது. அதனைச் சுமந்து வர வேண்டுவதில்லை.